ஊறு என்பது பலவீனம் அல்ல

பெண்ணியக் கோட்பாட்டில் 'வல்னரபிலிட்டி' என்ற சொல்லைச் சந்திக்கும் மாணவர்கள் முதலில் செய்யும் தவறு, அதைப் 'பலவீனம்' என்று தமிழாக்குவது. இராயபுரத்தில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் ஆண்டுதோறும் இது நடக்கிறது. பலவீனம் என்று எழுதிவிட்டால், அதற்கு மருந்து பலம்தான் என்று மனம் தானாக ஓடிவிடும். லத்தீனில் அச்சொல்லின் வேருக்குப் பொருள் காயம். காயப்படக்கூடிய நிலையைத்தான் அது சொல்கிறது.

நான் கையாளும் தமிழ்ச் சொல் ஊறு. 'ஊறு விளைவித்தல்' என்று இன்றும் எழுதுகிறோம்; அங்கே அது தீங்கு. 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்று குறள் ஐம்புலன்களை அடுக்கும்போது அதே சொல்லுக்குத் தொடுவுணர்வு என்று பொருள். தொடுவதற்கும் புண்படுவதற்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. பெண்ணியச் சிந்தனையாளர்கள் பக்கம் பக்கமாக வாதிட்டு நிறுவுவது ஏறக்குறைய இதைத்தான்.

வட சென்னையின் எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் இறால் தடவும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மார்பளவு நீரில் இறங்கி, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவுகிறார்கள். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. விரல் நுனிதான் இறாலைக் காண்கிறது. உறை போட்ட கையால் அதைக் காண முடியாது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைகள் பக்கமிருந்து வந்த எண்ணெய் அதே சேற்றில் படிந்தது. இறாலை அறிந்த தோல்தான் எண்ணெயையும் வாங்கியது. அந்தத் திறனையும் அந்தக் காயத்தையும் எப்படித் தனித்தனியாகப் பிரிப்பீர்கள்?

அடுத்த தவறு, 'எல்லா உயிரும் காயப்படக்கூடியதுதானே' என்று சொல்லி அங்கேயே நின்றுவிடுவது. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அமெரிக்கப் பெண்ணியத் தத்துவவாதி ஜூடித் பட்லர் 2009இல் வெளிவந்த நூலில் இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார்: உடல் உள்ள எவருக்கும் பொதுவான நிலையாமை ஒன்று; அரசியல் ஏற்பாடுகளால் சிலர் தலையில் மட்டும் கூடுதலாகச் சுமத்தப்படும் நிலையாமை இன்னொன்று. புயல் சென்னை முழுவதற்கும் வந்தது. எண்ணெய் யார் வாசலுக்குப் போகும் என்பதைத் தீர்மானித்தது, ஆலைகளை எங்கே கட்டுவது என்று பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த முடிவு. வட சென்னையை 'பின்தங்கிய பகுதி' என்று எழுதும்போதெல்லாம், பின்தள்ளியது யார் என்ற கேள்வி காணாமல் போகிறது.

பெண் என்றாலே பாதுகாக்கப்பட வேண்டியவள் என்று முடிவு கட்டுவதும் தவறு. இதில் ஆபத்து அதிகம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆவது பிரிவில், பெண்களைக் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே வேலைக்கு வைக்கலாம் என்றது. சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் அந்த விதி அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடியும் முன்பே ஏலத்துக்கு வந்து நிற்கும் பெண்களின் இரவைப் பற்றி அந்தச் சட்டம் ஒருபோதும் கவலைப்பட்டதில்லை. காப்பதாகச் சொல்லி வரும் ஏற்பாடே புதிய ஊறுகளை உண்டாக்குவதை, தத்துவவாதி காத்ரியோனா மெக்கன்சியும் உடன் தொகுப்பாளர்களும் 2014இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் தனி வகையாகவே பெயரிட்டுப் பேசினார்கள். நோய் உண்டாக்கும் ஊறு என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

ஊறும் எதிர்ப்பும் எதிரெதிர் என்று நினைப்பது இன்னொன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூரில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், விடிந்ததும் ஆலையை மூடச் சொல்லித் திரண்டார்கள். அச்சம் தீர்ந்த பிறகு போராட வந்தவர்கள் அல்லர். முந்தைய இரவு நஞ்சு நுழைந்த அதே நுரையீரலோடு வந்து அமர்ந்தார்கள்; அந்த உடல்கள்தான் அவர்களின் சாட்சியம். பட்லரும் ஸெய்னெப் கம்பெட்டியும் லெட்டிசியா சப்சாயும் 2016இல் கொண்டுவந்த தொகுப்பு இதைத்தான் விரிவாகப் பேசுகிறது.

கடைசியாக ஒன்று. இது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு என்பதால் எனக்கு இன்னும் வலிக்கிறது. 'வட சென்னைப் பெண்கள் இரும்பு மனுஷிகள்' என்று புகழ்ந்துவிட்டுப் போவது. எங்கள் வட்டத்துக்கு வரும் மீன் விற்கும் அக்கா ஒருவர், இந்தப் புகழ்ச்சியைக் கேட்டு ஒருநாள் எழுந்து நின்றார். பத்து மணி நேரம் தெருவில் உட்கார்ந்து விற்கிறேன், பக்கத்தில் ஒரு கழிப்பறை கிடையாது, அதனால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன் என்றார். அன்று நாங்கள் படிக்க வைத்திருந்த கட்டுரையை மூடி வைத்துவிட்டு, மாநகராட்சிக்கு மனு எழுதத் தொடங்கினோம்.