பழைய மாஸி 135 உழவு இயந்திரம்: முன்சில்லு ஆடுகிறதா?

சேற்றுழவு முடிந்த கையோடு முன்சில்லை ஜக்கில் தூக்கி, அச்சுக்குக் கீழே ஒரு முதிரைக் குற்றியும் கொடுத்து, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சில்லின் நடுவிலுள்ள அச்சு நட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போகாதீர்கள்; வயல் சேறு அதைத் தடுக்கும் சீல் வழியே உள்ளே போயிருக்கலாம். சில்லைச் சுழல வைக்கும் உருளைகள் கொண்ட பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். உருளைகள் நீலம் பாரித்திருந்தால் வெளிவளையத்தோடு சேர்த்து மாற்றத்தான் வேண்டும். நல்லதென்றால் புதுக் கிறீஸை உருளைகளுக்கிடையில் அழுத்தி ஏற்றுங்கள்.

அப்புறம், சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சுற்றாவிட்டால் உருளைகள் சரியாக உட்காரா. இலேசாகப் பிடிக்கத் தொடங்கியதும் நிறுத்தி, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் போகும் துளை நேராகும் வரை மட்டும் தளர்த்துங்கள். துளைக்காக மேலும் இறுக்கினால் பேரிங் சூடாகிக் கருகிவிடும். ஸ்பிளிட் பின் புதிதாகவே இருக்கட்டும், சில்லறைக் காசுதானே.