முதல் பயணச் செலவு வரியில் கழியாது, இரண்டாவது கழியும்: கனடா போகும் நம் மலைப் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்குக் குன்னூர் வந்திருக்கிறேன். இங்கே பெட்ஃபோர்டு கடைவீதியில் வர்க்கி வாங்க நின்றபோது தெரிந்த தம்பி ஒருவன் பிடித்துக்கொண்டான். டொரண்டோவில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறான். "அண்ணா, டிக்கெட், பார்சல் எல்லாம் அங்கே வரியில் கழிக்கலாமாமே?"

வரி போடும் வருமானத்திலிருந்து அதைக் கழிக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வேலைக்காகக் கனடாவுக்கு முதன்முதலாகக் குடிவரும் செலவைப் பொதுவாக சி.ஆர்.ஏ. (கனடாவின் வரித்துறை) ஏற்பதில்லை. முழுநேர மாணவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அவர்களும் வரிக்கு உட்பட்ட உதவித்தொகையில் மட்டும்தான் கழிக்கலாம். பெரும்பாலானோரின் உதவித்தொகைக்கு வரியே இல்லை என்பதால் கைக்கு ஒன்றும் வராது.

அவனிடம் அழுத்திச் சொன்னது இரண்டாவது குடிமாற்றத்தைப் பற்றித்தான். நம்மவர்கள் முதலில் சொந்தக்காரர் இருக்கும் ஊரில் இறங்குவார்கள். ஓரிரு வருடத்தில் நல்ல வேலை வேறு ஊரில் அமையும். கனடாவுக்குள் நடக்கும் அந்த மாற்றத்தின் செலவைக் கழிக்கலாம். படிப்பை முடித்து வேலைக்காக ஊர் மாறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பழைய வீட்டைவிடப் புது வீடு வேலை இடத்துக்கு 40 கிலோமீட்டராவது நெருக்கமாக இருக்க வேண்டும். அந்தத் தூரத்தைச் சாலை வழியாகத்தான் அளப்பார்கள். மலையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: குன்னூர் லேம்ப்ஸ் ராக் பாறை முனையில் நின்றால் சமவெளி காலடியில் கிடக்கும், வளைவு வளைவாக இறங்கினால்தான் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

நான் டொரண்டோவிலிருந்து கால்கரிக்கு மாறியபோது சாமான் ஏற்ற வந்த வேன்காரருக்குக் காசை கையில் கொடுத்தேன். இங்கே மேட்டுப்பாளையம் லாரிக்குக் கொடுத்துப் பழகிய பழக்கம். பில் வாங்கவில்லை, அந்தத் தொகையைக் கணக்கில் காட்ட முடியாமல் போனது. இன்னொன்று, பெட்ரோல் பங்கில் தரும் சீட்டு சில மாதங்களில் வெளுத்து வெறும் காகிதமாகிவிடும். வாங்கிய கையோடு போனில் படம் எடுத்து வையுங்கள். தாக்கல் செய்யும்போது ரசீதை அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஆறு வருடம் வரை கேட்கலாம்.

குடிமாறும் வழியில் சாப்பாட்டுக்கு ரசீது இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒரு வேளைக்கு 23 டாலர், ஒரு நாளைக்கு ஆளுக்கு 69 டாலர் என்று போட்டுக்கொள்ளலாம். இரண்டு பேர் ஐந்து நாள் காரில் போனால் 690 டாலர். காருக்கும் கிலோமீட்டர் கணக்கு உண்டு, பயணம் தொடங்கிய மாகாணத்தின் விகிதப்படி. சாமான் ஏற்றும் செலவு, வழியில் விடுதி, தற்காலிகமாகத் தங்கினால் 15 நாள் வரை, பழைய வாடகை ஒப்பந்தத்தை முறிக்கும் கட்டணம், கரண்ட் இணைப்பு எல்லாம் சேரும். வீடு பார்க்க முன்கூட்டியே போய்வந்த செலவு சேராது.

புது ஊரில் சம்பாதித்த பணத்தில்தான் கழிக்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். நவம்பரில் மாறினால் அந்த வருடம் புது ஊர்ச் சம்பளம் இரண்டு மாதம்தான் இருக்கும். கழியாமல் மிஞ்சியதை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். படிவத்தின் பெயர் டி1-எம், தொகை போகும் வரி எண் 21900. தாக்கல் செய்யப் பெரும்பாலானோருக்கு ஏப்ரல் 30 கடைசி நாள்.

கம்பெனியே பணம் தருவதாகச் சொன்னால், எப்படித் தருவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பில்லைக் காட்டித் திரும்ப வாங்கும் தொகை பொதுவாகச் சம்பளமாகக் கணக்காகாது. அதை நீங்கள் மறுபடி கழிக்கவும் கூடாது. கணக்குக் கேட்காமல் மொத்தமாகத் தந்தால், செலவழித்தேன் என்று எழுதிக்கொடுத்து 650 டாலர் வரை தப்பிக்கலாம், மேலே போவதற்கு வரி உண்டு.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இந்தச் சலுகை 2018 முதல் கிடையாது, ராணுவத்தினர் போன்ற சிலருக்கு மட்டும்தான் மிச்சம். அங்கே கம்பெனி தரும் பணமும் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். பிரிட்டனில் விதிக்கு உட்பட்டு கம்பெனி ஏற்கும் செலவில் 8,000 பவுண்டு வரை வரி இல்லை.

தம்பிக்கு வர்க்கிப் பொட்டலத்தோடு ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் வாங்கிக் கொடுத்தேன். கால்கரியோ வான்கூவரோ, அடுத்த ஊருக்கு அவன் கிளம்பும் நாளில் முதல் ரசீது அதற்குள் போகட்டும்.