"சேரலேன்னா திருப்பி அனுப்பிரலாம்": கிறிஸ்துமஸ் பரிசை ஆன்லைனில் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் கடைசியில் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் இருக்கும் என் தையல் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். சிலர் பெருநாள் உடுப்புத் தைக்கக் கொடுப்பார்கள். சிலர் போனை நீட்டி, "அக்கா, இந்தக் கவுன் பிள்ளைக்குச் சேருமா?" என்று கேட்பார்கள். இரண்டாவது கூட்டம் வருஷா வருஷம் பெருகுகிறது. அவர்கள் செய்வதெல்லாம் பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகள்தான். காசும் வீணாகாமல் குப்பையும் சேராமல் வாங்குவது பற்றித்தான் சொல்லப்போகிறேன். துணிப்பை கொண்டு போங்கள், பிளாஸ்டிக் ரிப்பன் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

திருப்பி அனுப்பலாம் என்று நினைத்து வாங்குவது

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

அண்ணன் குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் பாறசாலையில். அண்ணன் மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரே கவுனை மூன்று அளவில் ஆர்டர் போட்டேன். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிவிடலாம் என்று கணக்கு. மூன்று நாளில் மூன்று பெட்டி வந்தது. ஒவ்வொன்றிலும் பாதிக்குக் காற்றுப் பை. "4-5 வயது" கையிடுக்கில் பிடித்தது. "5-6 வயது" தோளில் நழுவியது. மூன்றாவது அவளை முழுங்கிவிட்டது. திருப்பி எடுக்க வந்தவர் ஒன்றை மட்டும் வாங்கிப் போனார். மற்ற இரண்டுக்கும் ஆள் வரவே இல்லை. கேட்டால், நாள் கடந்துவிட்டது என்று பதில். 1,400 ரூபாய் போனது. பிள்ளை போன வருஷ உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுப் பிழைக்கிறவள் நான். ஒரு தடவை அளந்திருந்தால் போதும்.

பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை இது. திரும்பிப் போகும் உடுப்பு நேரே இன்னொருவர் கைக்குப் போய்விடாது. வந்த வழியே மறுபடி லாரி ஏற வேண்டும். கிடங்கில் பிரித்துப் பார்த்து, தேய்த்து, புது பாலித்தீன் உறையில் போட வேண்டும். விலை குறைந்த உடுப்புக்கு இந்தச் செலவு கட்டாது. அதனால் பலவற்றை லாட் போட்டு மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். கறை பட்டது, சென்ட் வாடை ஏறியது குப்பைக்கும் போகும். பருத்தி விளைய, சாயம் ஏற்றச் செலவான தண்ணீரும் அதோடு சேர்ந்து போகிறது.

சரி, எப்படி அளப்பது? முதலில், சீட்டில் இருக்கும் வயதை நம்பாதீர்கள். பிள்ளைக்கு இப்போது சரியாக இருக்கும் ஒரு உடுப்பை வாங்கி மேசையில் விரித்து நீவுங்கள். ஒரு கையிடுக்கிலிருந்து மறு கையிடுக்கு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோள் உச்சியிலிருந்து கீழ்மடிப்பு வரை நீளம். அப்புறம்தான் அளவு அட்டவணையைத் திறக்க வேண்டும்.

அந்த அட்டவணையில் இருப்பது உடம்பின் அளவா, உடுப்பின் அளவா? பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நெய்த பருத்தித் துணி இழுபடாது. மார்பு 24 அங்குலம் உள்ள பிள்ளைக்கு உடுப்பு 26, 27 இருந்தால்தான் கையைத் தூக்க முடியும். பனியன் துணிக்கு அவ்வளவு தேவையில்லை. நீங்கள் விரித்து அளந்தது உடுப்பின் அளவு. அட்டவணை உடம்பு அளவைச் சொன்னால், நீங்கள் அளந்த மார்புச் சுற்றிலிருந்து இரண்டு அங்குலம் கழித்துத் தேடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் போட்டிருக்கும் படங்களில் உள்தையலைப் பாருங்கள். முக்கால் அங்குலம் துணி விட்டிருந்தால் அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். வந்த உடுப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் திருப்ப வேண்டாம், பக்கத்துத் தையல் கடையில் பிடிக்கக் கொடுங்கள். பத்து நிமிஷ வேலை.

"இயற்கை" என்ற சொல்லை நம்புவது

"மூங்கில் துணி" என்று மென்மையாக வருவதில் பெரும்பாலானது விஸ்கோஸ். மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கியது. பச்சை இலைப் படம் போட்டால் மட்டும் போதாது, சொல்வதற்கு ஆதாரம் வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு விதிகளே வெளியிட்டது. ஆகவே விற்பவரிடம் கேளுங்கள். கைத்தறி என்று சொன்னால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். நமக்கோ பலராமபுரம் நெசவு பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது.

ஊர்ப் பொருளை வெளியூர்க் கிடங்கிலிருந்து வரவழைப்பது

மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பரிசு கொடுக்க நினைத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வெளிமாநிலத்திலிருந்து, குமிழி உறை சுற்றிய குப்பியில், வேறு ஏதோ தேன் வந்தது. இறங்கி நடந்தால் கடை.

ஒவ்வொன்றாக ஆர்டர் போடுவது

தோன்றும்போதெல்லாம் கூடையில் போட்டு வையுங்கள், வாரம் ஒரு நாள் சேர்த்து வாங்குங்கள். கூரியரில் எடை மட்டும் கணக்கில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து வரும் கிலோக் கணக்கையும் பார்ப்பார்கள், எது கூடுதலோ அதற்குக் காசு. பாதி காலியாக வரும் பெட்டி லாரியில் அவ்வளவு இடத்தை அடைக்கிறது.

எல்லை தாண்டித் தூக்கிச் சுமப்பது

பாறசாலைக்காரருக்கு வாங்குவதை 629-இல் தொடங்கும் நம்ம பின்கோடுக்கு வரவழைத்து, 695-இல் தொடங்கும் அவர்கள் பின்கோடுக்குச் சுமக்க வேண்டாம். அவர்கள் முகவரியையே கொடுங்கள். கொடுக்கும்போது உறையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வீட்டுப் பிளாஸ்டிக்கைச் சுத்தமாக்கிச் சேர்த்து வீடு வீடாக வந்து குப்பை எடுக்கும் ஹரித கர்ம சேனையிடம் கொடுக்க வேண்டும், கட்டணமும் உண்டு. நான் அனுப்பிய காற்றுப் பைகளை மைனி (அண்ணன் மனைவி) ஒவ்வொன்றாகக் குத்தி, மடித்து, சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

டிசம்பர் 22-இல் அவசர ஆர்டர்

அவசரத்துக்கு விமானத்தில் வரக்கூடும், லாரியைவிடப் புகை அதிகம். 10-ஆம் தேதிக்குள் முடியுங்கள்.

மின்னும் தாள்

கசக்கிப் பாருங்கள். தானாக விரிந்தால் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டார்.

பரிசு ரகசியமாக இருக்க வேண்டும் என்று அளவு கேட்காமல் இருப்பது

கேளுங்கள். அண்ணன் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. இந்த வருஷம் அவளே தன் பழைய சுடிதாரைத் தரையில் விரித்து, நாடாவோடு படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். நீளம் 40, கை 17. கீழே ஒரு வரி: "இது உடுப்பு அளவு அத்தை, உடம்பு அளவு இல்ல."