கமக்காரர் பதிவு அப்ளிகேஷனைச் சோதிக்க மாதிரித் தரவு உருவாக்குவது எப்படி?

கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்கார அமைப்புகளுக்காக ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கமக்காரர் (விவசாயி), அவருடைய வயல், எந்தக் குளத்து நீர், எந்தப் போகத்தில் எத்தனை ஏக்கர் விதைத்தார் என்பதெல்லாம் பதிய வேண்டும். ஐந்து பேரைக் கையால் பதிந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். பத்தாயிரம் பேர் ஏறிய பிறகுதான் தேடல் இழுபடுவதும் அறிக்கை திறக்க மறுப்பதும் தெரியவரும், அதனால் மாதிரித் தரவை ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சிறு நிரல், எழுதி உருவாக்குங்கள்.

அமைப்பிடம் இருக்கும் உண்மையான பட்டியலை வாங்கி ஏற்றிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இடம்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம் என்று வன்னிச் சனம் எத்தனையோ படிவங்களில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கொடுத்திருக்கிறது. அது யாரோ ஒருவரின் லப்டொப்பில் சோதனைத் தரவாகக் கிடக்கக் கூடாது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

பைதானில் ஃபேக்கர் என்ற நூலகத்தை, அதாவது போலிப் பெயர், முகவரி போன்றவற்றை உருவாக்கித் தரும் ஆயத்த நிரல் தொகுப்பை, நிறுவிக்கொள்ளுங்கள், பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் அதே பெயரில் உண்டு. பைதான் ஃபேக்கரில் தமிழ்ப் பெயர்கள் வரும், ஆனால் அது இந்தியத் தமிழுக்கான தொகுப்பு. நம் ஊர்ப் பெயர்களுக்குத் தகப்பன் பெயர் ஒரு பட்டியல், சொந்தப் பெயர் ஒரு பட்டியல் என்று நீங்களே எழுதி, இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துச் சேர்ப்பதுதான் சரி. கிறிஸ்தவ, முஸ்லிம் பெயர்களையும் மறக்காமல் போடுங்கள்.

அடையாள அட்டை இலக்கத்தைக் கண்டபடி உருவாக்கினால் உங்கள் சரிபார்ப்பே அதைத் தள்ளிவிடும். பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். முதலில் பிறந்த வருடம், அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்ட வேண்டும். 1985 பெப்ரவரி 1 பிறந்த பெண்ணுக்குப் பழையது 85532 என்றும் புதியது 1985532 என்றும் தொடங்கும். பெப்ரவரிக்கு எந்த வருடமும் 29 நாள் என்றே கணக்கு, ஆகவே மார்ச் 1 எப்போதும் 61தான், இதைக் கவனிக்காவிட்டால் பிறந்த திகதி ஒரு நாள் தள்ளி நிற்கும்.

அப்புறம் வரிசை. முதலில் குளம், பிறகு கிராமம், கமக்காரர், வயல், கடைசியில் போகப் பதிவு, இல்லாவிட்டால் ஃபாரின் கீ பிழை வரும், அதாவது ஒரு பதிவு சுட்டும் மற்றப் பதிவு இன்னும் இல்லை என்று தரவுத்தளம் மறுக்கும். குளத்தையும் கிராமத்தையும் தனித்தனியே குலுக்கி எடுக்காதீர்கள், எடுத்தால் உங்கள் தரவில் கிளிநொச்சிப் பரந்தன் வயலுக்கு மன்னார்க் கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும். விதைத்த ஏக்கர் வயலின் அளவைத் தாண்டக் கூடாது. சிறுபோகத்தில் நீர் குறைவு என்பதால் பதிவுகளும் மாரி மழையோடு செய்யும் காலபோகத்தை விடக் குறைவாகவே வரட்டும்.

எல்லாம் ஒழுங்கான தரவாக இருந்தால் சோதனையில் பயனில்லை. ஒரே பெயரில் நான்கு பேர், தொலைபேசி இல்லாதவர், அரை ஏக்கர்க்காரர், வயலே பதியாதவர் என்று கொஞ்சம் வேண்டுமென்றே கலந்துவிடுங்கள். நீளமான பெயர்களும் வேண்டும்: கிளிநொச்சி கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் பத்துக் குறியீடு, யூடிஎஃப் எட்டில் முப்பது பைட். இருபது இடம் ஒதுக்கிய பெயர்ப் பெட்டி எங்கே உடைகிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் சீட் எண் (குலுக்கல் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண்) ஒன்றைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே தரவே வரும், நேற்று வந்த பிழையை இன்றும் வரவைத்துப் பார்க்கலாம். ஏற்றும்போது ஒவ்வொரு வரியாக அனுப்பாமல் ஐந்நூறு ஐந்நூறாக ஒரே டிரான்ஸாக்‌ஷனில், அதாவது தரவுத்தளம் ஒரே மூச்சில் எழுதும் ஒரு தொகுதியாக, அனுப்புங்கள்.

தொலைபேசி எண்ணுக்காக 07இல் தொடங்கி நீங்கள் உருவாக்கும் பத்து இலக்கம் யாராவது ஒருவருடைய உண்மையான எண்ணாக இருக்கக்கூடும். சோதனைச் சேவரில் எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதியை நிறுத்திவிட்டுத்தான் ஸ்கிரிப்ட்டை ஓட விடுங்கள்.