ஒரு குடை, ஒன்பது நிறுத்தங்கள்: கருத்துப் படத்தொடர் எடுப்பது எப்படி

எங்கள் புகைப்பட வகுப்பில் மூன்றாம் ஆண்டின் கடைசி வேலை ஒரு கருத்துப் படத்தொடர். கான்செப்ட் சீரிஸ் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஓர் எண்ணத்தை எடுத்துக்கொண்டு அதைப் பல படங்களாக விரிக்க வேண்டும். ஒவ்வொரு படமும் தனியாக அசத்தாவிட்டாலும் பரவாயில்லை, வரிசையில் வைத்தால் பேச வேண்டும். போன ஆண்டு ஆனியும் ஆடியும் இதற்காகக் குடையும் கையுமாக பஸ் ஏறி இறங்கினேன். இந்த ஆண்டு அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்து, "எப்படித் தொடங்குவது அக்கா?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

தலைப்பு பிறகு, முதலில் கேள்வி

என் ஊர் புலியரை. மேற்கே வளைவுகளில் ஏறினால் கோட்டைவாசல். அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும். இப்படி ஓர் ஊரில் பிறந்தவள் வேறு எதை எடுப்பாள்? 'எல்லை' என்று நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன். இரண்டு வாரத்தில் 640 படங்கள். தடுப்புக் கம்பி, வைக்கோல் ஏற்றிய லாரி, இரண்டு மொழிப் பெயர்ப்பலகை, மலை, மறுபடியும் லாரி. ஒரு சோதனைச் சாவடியில் கேட்காமல் கேமராவைத் தூக்கியதற்கு, காவலர் ஒருவர் அழைத்துத் தன் கண் முன்னாலேயே முப்பது படங்களை அழிக்கச் சொன்னார். தப்பு என்னுடையதுதான். அப்படிப்பட்ட இடத்தில் முன்பே போய்க் கேட்டுவிடுங்கள். மீதிப் படங்களைப் பார்த்த ஆசிரியர், "காலண்டருக்கு நன்றாக இருக்கும்" என்றார். அந்தக் காவலர் மிச்சத்தையும் அழிக்கச் சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

எங்கே கோளாறு என்று பிறகுதான் பிடிபட்டது. 'எல்லை' என்பது வெறும் சொல். எங்கள் ஊரில் எதை எடுத்தாலும் அதற்குப் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற தலைப்பு எந்தப் படத்தையும் வடிகட்டாது. 'தனிமை', 'காலம்', 'அம்மா' என்று எழுதி வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கதிதான்.

அதனால் ஒரு வாரம் கேமராவை அலமாரியில் வையுங்கள். சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, வீட்டிலும் தெருவிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுகிற வாக்கியங்களை எழுதுங்கள். நான்காம் நாள் எனக்குச் சிக்கியது என் அத்தையின் வாக்கியம். அவள் சுரண்டையில் இருக்கிறாள். சாரல் காலத்தில் தினமும் காலையில் போன் செய்து, நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே "அங்கே மழையா?" என்பாள். இங்கே எங்கள் ஓடு சொட்டிக்கொண்டிருக்கும். அங்கே அவள் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டிருப்பாள். இடையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் சாரலைத் தூவிவிட்டு, கிழக்கே போகப் போக ஈரம் தீர்ந்து வெறும் காற்றாகிவிடும். சிறுவயதிலிருந்து தெரிந்த செய்தி. அன்றைக்குத்தான் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்தேன்: அப்படியானால் மழை எந்த நிறுத்தத்தில் நிற்கிறது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஆச்சியிடம் பேசியபோது விஷயம் இன்னும் ஆழமானது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை இந்தப் பக்கத்து ஊர் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் என்று மேற்குப் பக்கத்தோடு சேர்ந்திருந்தது. ஊர் நுழைவு வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் நிற்கிறது. அன்றைய எல்லை பிரானூரில். அந்தக் கோடு மலைக்குப் போய் இத்தனை ஆண்டுகள் ஆகியும், பிரானூர் வந்தால் கண்டக்டர் "பார்டர் இறங்கு" என்றுதான் கூவுகிறார். பரோட்டா தின்ன வருகிறவர்களும் "பார்டருக்குப் போகலாம்" என்றுதான் கிளம்புகிறார்கள். ஆக ஒரே சாலையில் வரைபடத்து எல்லை ஒன்று, வாயில் மட்டும் தங்கிவிட்ட எல்லை ஒன்று, தினமும் இடம் மாறுகிற மழையின் எல்லை ஒன்று. நான் துரத்திப் பிடிக்க முடியாத 'எல்லை', குடையைத் தூக்கிய பிறகு தானாக வந்து ஏறிக்கொண்டது.

கேள்வி பழுத்துவிட்டதா என்று பார்க்க, புகைப்படத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். நான் கண்டக்டர் அண்ணாச்சியிடம் சொன்னேன்: "ஆரியங்காவிலிருந்து சுரண்டை வரை நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆச்சி குடையை வைத்துப் படம் எடுக்கப் போகிறேன். மழை பெய்தால் விரித்து, பெய்யாவிட்டால் மடக்கி." அவர் சில்லறை எண்ணுவதை நிறுத்தாமலேயே, "இன்றைக்கு இலஞ்சியோடு நின்றுவிட்டது" என்றார். இப்படிப் பதில் வந்தால் தொடங்கலாம். ஐந்து நிமிடம் விளக்க வேண்டியிருந்தால் நோட்டுக்கே திரும்புங்கள்.

விதிகள்

தொடருக்கு விதி எழுதாமல் கேமராவைத் தொடாதீர்கள். என் விதிகள் நோட்டின் பின்னட்டையில் இருந்தன. ஒன்பது நிறுத்தங்கள்: ஆரியங்காவு, கோட்டைவாசல், புலியரை, கட்டளைக்குடியிருப்பு, செங்கோட்டை, பிரானூர், இலஞ்சி, சுந்தரபாண்டியபுரம், சுரண்டை. (தென்காசியை விட்டுவிட்டேன். அந்த பஸ் நிலையக் கூட்டத்தில் குடையை வைத்தால் படம் எடுப்பதற்குள் யாராவது நல்லெண்ணத்தில் எடுத்துப் பத்திரப்படுத்திவிடுவார்கள்.) எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கு. ஒரே குடை. மாமாவின் ஸ்டுடியோவிலிருந்து இரவல் வாங்கிய 35 எம்எம் லென்ஸ் ஒன்றுதான். என் கேமராவின் சிறிய சென்சாரில் அது கண் பார்ப்பதற்குப் பக்கத்தில் வருகிறது. குடைக்கும் கேமராவுக்கும் ஒன்பது அடி. தையல் டேப்பால் அளந்தேன். முக்காலி உயரம் நான்கு அடி. லென்ஸ் துவாரம் (அப்பெர்ச்சர்) எஃப் 8. ஃபோகஸை ஒரு முறை சரிசெய்து, வளையம் நகராமல் டேப் ஒட்டிவிட்டேன்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்டால், படத்துக்குப் படம் மாறுகிற விஷயம் ஒன்றே ஒன்றாக இருந்தால்தான் பார்ப்பவர் கண் அதில் போய் நிற்கும். தூரமும் கோணமும் சேர்ந்து மாறினால் குடை விரிந்ததா மடங்கியதா என்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஜெர்மனியில் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களையும் ஆலைக் கட்டடங்களையும் இப்படித்தான் எடுத்தார்கள். நேர் எதிரே நின்று, மேகமூட்டமான வானம் பார்த்து எடுத்து, பிறகு கட்டம் கட்டமாக அடுக்கினார்கள். நிழல் விழாத அந்த வெளிச்சத்துக்காக அவர்கள் காத்திருந்தார்கள். புலியரையில் ஆடி மாதம் முழுக்க அது இலவசம்.

முதல் நாள் சித்தி மகளைக் குடை பிடிக்க வைத்துப் பார்த்தேன். அழகான பிள்ளை. அதுதான் சிக்கல், எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டாம் நாளே அவளை வீட்டில் விட்டுவிட்டு, குடையைத் தனியாகச் சிமெண்டு பெஞ்சில் வைத்தேன். பெஞ்சு இல்லாத இடத்தில் கம்பத்தடியில். ஆள் இல்லாத குடையைப் பார்த்தால் ஆளைத் தேடத் தோன்றும். அது கூடுதலாகக் கிடைத்தது, நான் திட்டமிடவில்லை.

சாரலில் கேமரா

கையில் கேமரா வந்ததும் தெரிகிற முதல் உண்மை, சாரல் படத்தில் விழாது என்பது. நனைந்து நடுங்கிக்கொண்டு எடுத்த படத்தில் பார்த்தால் மழையே இருக்காது. துளிகள் அவ்வளவு நுண்ணியவை. வெள்ளை வானத்தின் முன்னால் கரைந்துபோகும். மழை தெரிய வேண்டுமானால் பின்னால் கறுப்பாக ஏதாவது வேண்டும்: மரத்தடி, கடையின் இருட்டு உள்பக்கம், கறுப்புக் குடையின் விளிம்பு. ஷட்டர் வேகம் 1/125 அல்லது 1/250 நொடி வைத்தால் அங்கே மட்டும் மெல்லிய கீறல்களாகத் தெரியும். மற்றபடி நனைந்த சிமெண்டு சொல்லட்டும். நனைந்த பெஞ்சு கரும்பலகை நிறம், காய்ந்த பெஞ்சு சாம்பல் நிறம். செங்கோட்டையில் ஒரு நாள் கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெஞ்சின் பாதி கறுப்பாகவும் பாதி வெளுப்பாகவும் இருந்தது. நடுவில் அளவுகோல் வைத்து வரைந்தது போலக் கோடு. குடையை அந்தக் கோட்டின் மேலேயே வைத்தேன்.

வெள்ளை வானம் படத்தில் நிறைய வந்தால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் (ஒளி அளவின் ஒரு படி) அளவுக்கு ஏற்றுங்கள். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். ஒரு படம் நீலமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் வந்து, வரிசையில் வைத்தால் பல்லிளிக்கும். நான் மேகமூட்டத்துக்கான அமைப்பில் நிறுத்திவிட்டுக் கடைசிவரை தொடவில்லை. சுரண்டையில் சில நாள் சுள்ளென்று வெயில். மேகம் மறைக்கும்வரை காத்திருப்பதா என்று குழம்பினேன். பெக்கர் தம்பதி காத்திருந்திருப்பார்கள். ஆனால் என் கேள்வி மழையைப் பற்றியது. மடக்கிய குடையின் கூர்மையான நிழலும் அதற்கு ஒரு பதில்தானே என்று அப்படியே எடுத்தேன். விதியைத் தளர்த்துவதானால் கேள்வியிடம் கேட்டுவிட்டுத் தளர்த்துங்கள்.

கேமராவுக்கு பாலிதீன் பையில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கினால் போதும். நனைந்து வீடு திரும்பினால் துடைத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள். ஆச்சி அரிசிப் பானையில் வைக்கச் சொன்னாள். தவிடும் தூசியும் லென்ஸுக்குள் போகும் என்று சொல்லித் தப்பித்தேன்.

குடையை மறந்துவிட்டேனே. ஐந்தாம் நாள் கோட்டைவாசலில் காற்று அதை அப்படியே வெளிப்பக்கமாகப் புரட்டி எறிந்தது. இரண்டு கம்பிகள் முறிந்தன, துணி ஒரு விரல் நீளம் கிழிந்தது. புதுக் குடை வாங்கினால் முதல் நான்கு நாள் படங்களும் வீண். செங்கோட்டைச் சந்தையில் குடை சரிசெய்கிறவர் கம்பியை மாற்றி, கிழிசலுக்குக் கறுப்புத் துணியில் ஒட்டுப் போட்டுத் தந்தார். அந்தக் கறுப்பு இந்தக் கறுப்போடு சேரவில்லை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு எடுத்த படங்களில் அந்த ஒட்டு தெரியும், மறைக்க முயலவில்லை. அதற்குப் பிறகு தூண்டில் நரம்பால் காம்பைப் பெஞ்சுக் காலோடு கட்டினேன். ஒன்பது அடிக்கு அப்பால் நரம்பு தெரிவதில்லை.

ஆள்களிடம் பேசுவதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஆரியங்காவில் டீக்கடைக்காரர், "எந்தா மோளே, குடைக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். என் அரைகுறை மலையாளத்தில் விளக்கினேன். மறுநாளிலிருந்து நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை அவரே எழுப்பிவிட்டார். யார் முகமாவது படத்தில் விழுந்தால் காட்டிச் சம்மதம் கேட்டேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், அந்தப் படங்களை நீக்கிவிட்டேன்.

அடுக்குவது, கழிப்பது

மொத்தம் பதினொரு நாள். நிறுத்தத்துக்கு ஒன்று என்று தேர்ந்தெடுத்தால் 99 படங்கள். கணினித் திரையில் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் ஒரு நேரத்தில் ஒரு படத்தைத்தான் காதலிக்க முடியும். சின்ன அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். எங்கள் வீட்டுப் பட்டாசாலையில் (கூடத்தில்) நாளுக்கு ஒரு வரிசை, நிறுத்தத்துக்கு ஒரு நிரல் என்று பரப்பினேன். நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தபோதுதான் தொடரின் உருவமே தெரிந்தது. இடப்பக்கம் விரிந்த குடைகள், வலப்பக்கம் மடங்கியவை, நடுவில் ஒரு வளைந்த கரை. ஒரு நாள் அந்தக் கரை ஆரியங்காவைத் தாண்டவில்லை. இரண்டு நாள் இலஞ்சி வரை வந்தது. ஒரே ஒரு நாள் சரியாகப் பிரானூரில் நின்றது, பார்டர். ஆச்சி அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "மழைக்கு இன்னும் பழைய கணக்குதான்" என்றாள்.

கழிக்கும்போதுதான் வயிறு எரியும். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி வயலின் முன்னால், மடக்கிய குடையின் பக்கத்தில் மயில் ஒன்று வந்து நின்ற படம் எனக்குக் கிடைத்தது. நான் இதுவரை எடுத்ததிலேயே அழகான படம். வரிசையில் வைத்தால் மற்ற 98 படங்களையும் அது தின்றுவிட்டது. அதே நாள், அதே இடம், மயில் போன பிறகு எடுத்த வெறும் படத்தை வைத்தேன். மயில் அத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

குறிப்பு எழுதச் சொல்வார்கள். 'இருப்பின் நிலையாமை' என்றெல்லாம் எழுதாதீர்கள். கண்டக்டரிடம் சொன்ன வாக்கியத்தையே எழுதுங்கள். பிரானூரின் கதைக்கு நான் கூடுதலாக இரண்டு வரி சேர்த்தேன். படங்களின் கீழே ஊர்ப் பெயரும் நேரமும் மட்டும்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து வரும். அப்போது அத்தை வீட்டில் மழை பெய்ய, எங்கள் வீட்டில் வெயில் அடிக்கும் நாள்களும் உண்டு. அதே ஒன்பது நிறுத்தங்களை இந்த முறை சுரண்டையிலிருந்து தொடங்க வேண்டும். குடையை ஆச்சி திருப்பி வாங்கிக்கொண்டாள். நூலகத்துக்குப் போக வேண்டுமாம். ஐப்பசி முதல் தேதிக்குள் கேட்டு வாங்க வேண்டும், ஒட்டுத் துணியின் ஓரம் வேறு பிரியத் தொடங்கியிருக்கிறது.