நாற்று வாங்குவதற்கு முன்: இயற்கை சார்ந்த காலநிலைத் திட்டங்களுக்குக் கருவி தேடும் முறை

கடற்கரை அரிக்கிறது, அலையாத்தி (மாங்குரோவ்) மரங்களை நடலாம் என்று ஒரு சிறு குழு முடிவு செய்கிறது. தேடத் தொடங்கினால் பருமனான கையேடுகள், பெயரே புரியாத மென்பொருள்கள், பதிவு செய்யச் சொல்லும் தளங்கள். அரை நாள் அலைந்த பிறகு, இதையெல்லாம் படிப்பதைவிட நாற்றை வாங்கி நட்டுவிடுவதே எளிது என்று தோன்றும். பல திட்டங்கள் கெட்டுப்போவது அந்த இடத்தில்தான்.

இந்த விளக்கம் அப்படித் தொடங்குகிறவர்களுக்கானது. கரையோர எடுத்துக்காட்டையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். உங்கள் சிக்கல் மலைச்சரிவாகவோ நகர வெப்பமாகவோ இருந்தாலும் வரிசை இதுதான்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள வேண்டும்" என்று எழுதினால் கையேடு, தரவு, மென்பொருள் என எந்தக் கருவியும் உதவாது. எந்த இடர், எவ்வளவு இடம், யாருக்குப் பாதிப்பு, எந்த இயற்கை அமைப்பு அதைத் தணிக்கும் என்று நம்புகிறீர்கள் என்பவை வாக்கியத்தில் வர வேண்டும். "புயல் அலைகள் அரிக்கும் இந்த 2 கிலோமீட்டர் கரையில், பின்னாலுள்ள வீடுகளுக்கு அலையாத்திக் காடு எவ்வளவு பாதுகாப்புத் தரும்?" இது போதும். இனிமேல் கண்ணில் படும் கருவி இந்த வாக்கியத்தின் எந்தச் சொல்லுக்கும் விடை சொல்லவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடலாம்.

படி 2: இடத்தின் பழைய முகத்தைப் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். செலவும் இல்லை.

நிலத்தைப் படம் எடுக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972-இல் ஏவப்பட்டது. 2008 முதல் அதன் படங்கள் யாருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2, 2015 முதல் 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கிறது. அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். மேகம் மறைக்கும் மழைக்காலத்தில் சென்டினல்-1 உதவும். அது ரேடார் என்பதால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். இவற்றைத் தரவிறக்கிப் பழகும் வரை கூகுள் எர்த் நிரலில் உள்ள பழைய படங்களின் காலக்கோட்டை நகர்த்திப் பார்த்தாலே கரை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். நீர்ப்பரப்பு எங்கே வந்தது, எங்கே போனது என்பதை 1984 முதல் காட்டுகிறது குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் வரைபடம். அலையாத்திக் காடுகளுக்கென்றே குளோபல் மாங்குரோவ் வாட்ச் இருக்கிறது. அதன் வரைபடங்கள் 1996-இலிருந்து தொடங்குகின்றன.

இத்தனையையும் பார்ப்பது ஒரு கேள்விக்காகத்தான்: நீங்கள் நட நினைக்கும் இடத்தில் முன்பு அலையாத்தி இருந்ததா? இருந்து அழிந்திருந்தால், ஏன் அழிந்தது? அலையாத்திகள் பெரும்பாலும் சராசரிக் கடல்மட்டத்துக்கும் உயர் ஓதத்துக்கும் (கடல் ஏறும்போது நீர் தொடும் மட்டத்துக்கும்) இடைப்பட்ட பகுதியில் வளர்பவை. அதற்கும் கீழே, நாளின் பெரும்பகுதி நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் சேற்றுத் திட்டில் நாற்றை நட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. ஆனால் அந்தத் திட்டு யாருக்கும் சொந்தமில்லை, நடவும் வசதி என்பதால் உலகின் பல இடங்களில் அங்கேதான் நடுகிறார்கள், சில ஆண்டுகளில் இழக்கிறார்கள். கரைக்கட்டு ஒன்று ஓதநீரின் வழியை அடைத்ததால் காடு அழிந்திருந்தால், அந்த வழியைத் திறந்துவிடுவதே முதல் வேலை. அருகில் விதை தரும் மரங்கள் இருந்தால், நடாமலேயே காடு திரும்பக்கூடும். படத்தில் காரணம் தெரியவில்லை என்றால் அங்கே நீண்டகாலம் வாழ்பவர்களைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல தரவுத்தளம் இல்லை.

உயரத் தரவில் ஓர் எச்சரிக்கை. பலரும் முதலில் எடுப்பது எஸ்ஆர்டிஎம் உயர மாதிரியை. 2000 பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடம் 11 நாட்கள் பறந்து ரேடாரால் அளந்தது அது. அடர்ந்த காட்டிலும் நெருக்கமான கட்டடங்களிலும் ரேடார் தரையைத் தொடுவதில்லை. மர உச்சிக்கும் கூரைக்கும் நெருக்கமான உயரத்தையே பதிவு செய்கிறது. மலைப்பகுதியில் சில மீட்டர் பிழை பெரிதில்லை. தாழ்ந்த கரையிலோ, வெள்ளம் வரும் இடத்தை அது பாதுகாப்பான மேடாகக் காட்டிவிடும்.

படி 3: வரப்போகும் காலநிலை

இதில் நிறைய நேரம் செலவிட வேண்டாம். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-இல் வெளியிட்ட ஊடாடு வரைபடத் தொகுப்பு, உலக வங்கியின் காலநிலை அறிவுத் தளம், கடல்மட்டத்துக்கு நாசாவின் கணிப்புக் கருவி ஆகிய மூன்றும் போதும். உலகளாவிய காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகின்றன. ஒரு கட்டம் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அளவுக்கு அகலமானது. அதை வைத்து உங்கள் 2 கிலோமீட்டர் கரைக்குத் துல்லியமான மழைக்கணக்கு எழுதாதீர்கள்.

படி 4: தேடுசொல்லை மாற்றித் தேடுங்கள்

இயற்கையைக் கொண்டு இடரைத் தணிப்பது என்ற ஒரே விஷயத்துக்குத் துறைக்கொரு பெயர். சூழலியலாளர்கள் 'எக்கோசிஸ்டம் பேஸ்டு அடாப்டேஷன்' (சூழலமைவு சார்ந்த தகவமைப்பு) என்பார்கள். நகரத் திட்டமிடுபவர்களுக்கு அது 'கிரீன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்'. நெதர்லாந்துப் பொறியாளர்களுக்கு 'பில்டிங் வித் நேச்சர்'. ஒரே பெயரில் தேடினால் பாதிக்கும் மேல் தவறிவிடும்.

சூழலமைவு சார்ந்த தகவமைப்புக்கென்று ஐஐஇடி என்ற ஆய்வு நிறுவனம், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் முதலிய அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய 'நேவிகேட்டர்' பட்டியலில் 200-க்கும் மேற்பட்ட கருவிகள் இருக்கின்றன. பிறர் செய்து பார்த்த அனுபவம் வேண்டுமானால் பனோரமா தளம். மண், நிலம் சார்ந்த அனுபவங்களுக்கு வோகாட் தரவுத்தளம். நகரங்களுக்கு உலக வங்கி 2021-இல் ஒரு விளக்கத் தொகுப்பு வெளியிட்டது. வெள்ளத் தணிப்புக்கு அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை ஒருங்கிணைத்த பன்னாட்டு வழிகாட்டியும் அதே ஆண்டில் வந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நூல் அது. உங்கள் சூழலமைவுக்கான அத்தியாயத்தை மட்டும் படியுங்கள்.

படி 5: மென்பொருள்

கியூஜிஐஎஸ் முதலில், மற்றவை பிறகு. இலவசமான அந்த வரைபட மென்பொருளில் ஒரு செயற்கைக்கோள் படத்தைத் திறக்கவும், உங்கள் கரையைக் கோடாக வரையவும் வந்துவிட்டால், இயற்கை தரும் பயன்களை மதிப்பிடும் இன்வெஸ்ட் (InVEST) மென்பொருள் பக்கம் போகலாம். அதுவும் இலவசம். அதன் கரையோர இடர் மாதிரி, காடு இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று கரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிடும். அது ஒப்பீட்டு மதிப்பு மட்டுமே. "அலை இத்தனை மீட்டர் குறையும்" என்று அதிலிருந்து எழுதினால் தவறு. அந்தக் கணக்குக்கு நீரியல் பொறியாளர் வேண்டும்.

படி 6: திட்டத்தை உரசிப் பாருங்கள்

ஐயுசிஎன் 2020-இல் இயற்கை சார்ந்த தீர்வுகளுக்கான உலகத் தரநிலையை வெளியிட்டது. முதல் பதிப்பில் 8 அளவுகோல்கள், அவற்றின் கீழ் 28 குறியீடுகள். புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுயமதிப்பீட்டுத் தாளை நிரப்புங்கள். தொடக்கநிலையினர் தடுமாறுவது பல்லுயிர்ப் பெருக்கத்துக்கு நிகர நன்மை இருக்கிறதா என்ற இடத்திலும், முடிவெடுப்பதில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு இருக்கிறதா என்ற இடத்திலும். இயற்கை சார்ந்த தீர்வு எது என்பதற்கு 2022 மார்ச்சில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை ஏற்ற வரையறையும் மனித நலனையும் பல்லுயிரையும் சேர்த்தே கேட்கிறது. ஒரே இன மரத்தை வரிசையாக நட்டுவிட்டு இந்தப் பெயரைச் சூட்ட முடியாது.

படி 7: நிதிக்கு முன் பிறர் விண்ணப்பங்கள்

பசுமைக் காலநிலை நிதியமும் தகவமைப்பு நிதியமும் தாங்கள் ஏற்ற திட்டங்களின் ஆவணங்களைப் பொதுவில் வைத்திருக்கின்றன. சிறு குழுக்கள் அவற்றில் நேரடியாக விண்ணப்பிப்பது கடினம். அவர்களுக்கு ஏற்றது உலகச் சுற்றுச்சூழல் நிதியமான ஜிஇஎஃப் 1992 முதல் நடத்தும் சிறுமானியத் திட்டம். ஆனால் பெரிய நிதியங்களின் ஆவணங்களைப் படித்தால், இடரை எப்படி நிறுவுகிறார்கள், கண்காணிப்புக்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பது பிடிபடும். எந்தக் கையேட்டிலும் இது இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

இவ்வளவையும் செய்யும்போது பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். கருவியின் பெயர், அது கேட்கும் தரவு, நுணுக்கம், கடைசியாகப் புதுப்பித்த ஆண்டு, பயன்பாட்டு உரிமம் ஆகியவற்றைக் குறியுங்கள். முதல் வாரத்தில் அந்தத் தாளில் மூன்று பெயர்களுக்கு மேல் ஏறினால் படி 1-இல் எழுதிய வாக்கியத்தை இன்னும் குறுக்க வேண்டியிருக்கும்.