கல்லுமக்காய் வளர்க்குறவங்க ஓட்டோட நீளத்தை மட்டும் அளந்து ஏமாறாதீங்க

கேரளாவுல காசர்கோடு மாவட்டத்துல படன்னா, செருவத்தூர் பக்கம் காயல்ல மூங்கில் நட்டு கயித்துல கல்லுமக்காய், அதாவது திங்குற சிப்பி, வளர்க்குறது 1990கள் கடைசில இருந்தே நடக்குது, பொம்பளைங்க குழுவா சேர்ந்து பண்றதும் நிறைய. நம்ம குளச்சல் பக்கம் சிப்பின்னு சொல்றது பெரும்பாலும் பழுப்பு இனம், அங்க வளர்க்குறது பச்சை. தீவனமே போட வேண்டாம், அதுவே தண்ணியை வடிகட்டி கண்ணுக்குத் தெரியாத பாசியைத் தின்னுக்கும். சும்மா தொங்கவிட்டா போதும்னு இறங்குறவங்க மாட்டுறதும் இதனாலதான்.

லேட்டா இறங்காதீங்க. மழை முடிஞ்சு காயல்ல உப்பு ஏறுற நவம்பர், டிசம்பர்ல குஞ்சு கட்டினாதான் அஞ்சு மாசத்துல 8 சென்டிமீட்டர் கிட்ட வரும். பிப்ரவரில கட்டிட்டு ஜூன்ல எடுத்துக்கலாம்னு கணக்கு போட்டா, அதுக்குள்ள மழை வந்து ஆத்துத் தண்ணி இறங்கிடும், உப்பு குறைஞ்சதும் ரெண்டு ஓட்டையும் சேத்து இறுக்கி மூடிக்கும், மூடினா தீனி கிடையாது. ரெண்டு நாள் தாங்கும், வாரக்கணக்குல போனா கயித்தோட செத்து நாறும்.

அடுத்தது ஆசை. கயிறு ஒரு மீட்டருக்கு அரை கிலோல இருந்து முக்கால் கிலோ குஞ்சு போதும், ஒண்ணரை, ரெண்டு சென்டிமீட்டர் சைஸ்ல. ரெண்டு கிலோ திணிச்சா வெளில இருக்குறது தின்னு பெருசாகும், உள்ள மாட்டினது குஞ்சாவே கிடக்கும், அப்புறம் கனம் தாங்காம கொத்தோட கழண்டு சேத்துல விழும். கயித்து நுனி தரையைத் தொட்டாலும் நஷ்டம்தான், நண்டு ஏறித் தின்ன ஏணி வச்சுக் குடுத்த மாதிரி.

குஞ்சைக் கயித்தோட சேத்துச் சுத்துற துணில கஞ்சத்தனம் வேண்டாம். பழைய நைலான் வலையைச் சுத்தினவரை எனக்குத் தெரியும், அது மக்கவே இல்ல, குஞ்சு உள்ளேயே நெருங்கிப் போச்சு. மெல்லிசான பருத்தி வலைத்துணிதான் சரி. ஒண்ணு ரெண்டு நாள்ல குஞ்சு கால்ல இருந்து நார் விட்டு கயித்தைப் பிடிச்சுக்கும், துணி தானா மக்கிப் போயிடும்.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு, ஓடு நீளமா இருக்கேன்னு அறுவடை பண்றது. ஓடு வளர்றது வேற, சதை வைக்கிறது வேற. பிளந்து பாருங்க, பொண்ணுன்னா சதை ஆரஞ்சா இருக்கும், ஆணுன்னா பால் வெள்ளை, ரெண்டும் திரண்டு நிக்கணும். முட்டையும் விந்தும் தண்ணில விட்டுட்ட பிறகு பார்த்தா சதை சுருங்கி, கண்ணாடி மாதிரி தண்ணியா கிடக்கும், ஓடு மட்டும் அப்படியே 8 சென்டிமீட்டர்! அதை வாங்குறவன் அடுத்த தடவை உங்ககிட்ட வரமாட்டான். அதனால ஒவ்வொரு வரிசைலயும் நாலஞ்சு எடுத்து அவிச்சுப் பாருங்க, சதை ஓட்டுல பாதிகூட நிரம்பலன்னா, மழைக்கு நாள் இருந்தா, இன்னும் கொஞ்ச நாள் விட்டு வைங்க.